பம்புசெட்டுக்கு கரண்ட் விட்டால் மட்டும் என் எஸ்டிமேட்டர் 230 வோல்ட் தப்புகிறது, உதவுங்கள்

காவேரிப்பட்டணம்_மாணவி:
கடைசி வருட ப்ராஜெக்ட். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு 11 கே.வி. ஃபீடருக்கு (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) ஸ்டேட் எஸ்டிமேஷன் எழுதியிருக்கிறேன், அதாவது மீட்டர் ரீடிங்குகளையும் லைன் டேட்டாவையும் வைத்து ஒவ்வொரு இடத்தின் வோல்டேஜையும் கணிக்கும் ப்ரோக்ராம். வழக்கமான வெயிட்டட் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறைதான். கடைசி 6 கி.மீ. கிளை எதுவும் இல்லாத லைன். அதன் முனையில் ஒரு மாம்பழக்கூழ் ஆலை, சுற்றிலும் பம்புசெட்டுகள். ஆலையின் எச்.டி. (உயர் அழுத்த) மீட்டர் காட்டும் வோல்டேஜ் என் கணக்கைவிட 230 வோல்ட் குறைவு. அந்த ரீடிங்கைத் தூக்கிவிட்டால் எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. மீட்டர் கெட்டது என்று எழுதிவிடலாமா? அடுத்த வாரம் வைவா.

ரிலேக்காரர்_தர்மபுரி:
பொருந்தத்தானே செய்யும்! அந்த முனைக்கு இருக்கும் ஒரே சாட்சியை விரட்டிவிட்டால் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? 230 எப்போதும் வருகிறதாம்மா, நேரத்துக்கு நேரம் மாறுகிறதா?

காவேரிப்பட்டணம்_மாணவி:
மும்முனை மின்சாரம் விடும் பகல் நேரத்தில்தான் சார். அப்போது அந்த லைனில் 60 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8. நள்ளிரவில் 10 ஆம்பியர், வித்தியாசமும் 30 வோல்ட்டைச் சுற்றித்தான்.

ஓசூர்_டெஸ்டிங்:
பி.டி. (மீட்டருக்காக வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) விகிதத்தைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள். மீட்டர் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள்.

ரிலேக்காரர்_தர்மபுரி:
பி.டி. தப்பென்றால் ராத்திரியும் ஏறக்குறைய அதே அளவு தப்ப வேண்டுமே. ஆம்பியரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்றால் எனக்கு லைன் டேட்டா மேல்தான் சந்தேகம். என்ன கண்டக்டர் (லைன் கம்பி) போட்டிருக்கிறாய்?

காவேரிப்பட்டணம்_மாணவி:
வரைபடத்தில் ராபிட் என்ற ரகம். மின்தடை கி.மீ.க்கு 0.55 ஓம்.

ரிலேக்காரர்_தர்மபுரி:
அதைவிட மெல்லிய வீசல் ரகம் என்று வைத்துப் பார், 0.93 ஓம். வித்தியாசம் 0.38. அதை 6 கி.மீ., 60 ஆம்பியர், 0.8, 1.732 (மும்முனைக்கான √3) எல்லாவற்றாலும் பெருக்கினால் கிட்டத்தட்ட 190 வோல்ட்.

காவேரிப்பட்டணம்_மாணவி:
மீதி 40?

ரிலேக்காரர்_தர்மபுரி:
வெயில்! அட்டவணையில் இருப்பது 20 டிகிரிக்கான அளவு. அலுமினியத்தின் மின்தடை டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் கூடும். கம்பி 45 டிகிரிக்குச் சூடானால் 0.93 என்பது 1.02 ஆகிவிடும். இப்போது போட்டுப் பார், 230 சொச்சம் வரும். ஆனால் அந்த எண்ணை அப்படியே திணித்துவிடாதே. மின்தடையையும் தெரியாத மாறியாக வைத்து, பல நேரங்களின் ரீடிங்குகளைச் சேர்த்துத் தீர்த்துப் பார். ஒரே நேரத்து ரீடிங் போதாது. பகலையும் இரவையும் கலக்காதே. அப்புறம் நேரில் போய்ப் பார்.

ஓசூர்_டெஸ்டிங்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். 2003 ஆகஸ்ட் 14 அமெரிக்க இருட்டடிப்பு நாளிலும் இதே கதைதான். லைன் ஒன்று விழுந்த தகவல் மாடலுக்குப் போகாமல், அங்கே மின்கட்டமைப்பைக் கண்காணித்த மிட்வெஸ்ட் ஐ.எஸ்.ஓ. அமைப்பின் எஸ்டிமேட்டர் விடை தராமல் நின்றது. ஆள் அதைச் சரிசெய்தார், ஆனால் தானாக ஓடும் அமைப்பைத் திரும்ப ஆன் செய்ய மறந்து சாப்பிடப் போய்விட்டார்.

காவேரிப்பட்டணம்_மாணவி (3 நாள் கழித்து):
போய் வந்தேன். வரைபடத்தைக் காட்டியதும் வயர்மேன் அண்ணா சிரித்துவிட்டார். ராபிட்டாக மாற்றப்போகிறோம் என்று போட்ட வரைபடமாம் அது, வேலை இன்னும் நடக்கவில்லையாம். கழற்றிப் போட்டிருந்த பழைய துண்டு ஒன்றைக் கொடுத்தார். வெர்னியரில் 7.8 மி.மீ., ராபிட் என்றால் 10 இருக்க வேண்டும். பல நேர ரீடிங்கில் மின்தடை பகலுக்கு 1.01, இரவுக்கு 0.95 வருகிறது. ஆலை மீட்டரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.