போதை மீட்பு உளவளத்துணையாளருக்கு எத்தகைய மேற்பார்வை தேவை?

கேள்வி (வாழைச்சேனை):
கசிப்பு எனும் கள்ளச்சாராயத்தையும் ஐஸ் எனும் போதைப்பொருளையும் விட்டு வந்தவர்களுடன் பணியாற்றுகிறேன். மாதாந்தக் கூட்டத்தில் அதிகாரி வரவையும் கோப்புகளையும் பார்க்கிறாரே தவிர, ஒருவர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்பும்போது என்னுள் எழும் கோபத்தைப் பேச இடமில்லை. இதுதான் மேற்பார்வையா?

பதில் (மட்டக்களப்பு):
இல்லை, சகோதரி. உளவளத்துணைத் துறை அறிஞர் பிரிஜிட் புரொக்டர் தொழில்சார் மேற்பார்வைக்கு ஒழுங்கு காத்தல், திறன் வளர்த்தல், மனந்தேற்றுதல் என மூன்று பணிகளை வகுத்தார். உங்களுக்குக் கிடைப்பது முதலாவதின் ஒரு பகுதி மாத்திரமே. தம் பணியிட மாற்றத்தைத் தீர்மானிக்கும் அதிகாரியிடம் எவரும் மனந்திறக்க மாட்டார்கள்; ஆகவே வேறொரு மூத்தவரை நாடுங்கள்.

பதில் (கல்முனை):
அந்த மூத்தவரிடம் பேசும்போது, உங்களிடம் உதவி பெறுபவரின் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. நம்மூரில் “கடலுக்குப் போகிறவர், கோயிலுக்குப் பின்வீடு” என்றாலே ஆளைத் தெரிந்துவிடும். உதவி பெறுபவருடன் நடந்த ஒரேயொரு உரையாடலை, நீங்கள் சொன்ன சொற்களுடனேயே எழுதிக்கொண்டு செல்லுங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. களுவாஞ்சிகுடியில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்கிறேன்.