எல்எல்-37 எலிசா: ஆன்டிபாடி முன்னோடிப் புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது

குழல்37:
ரத்தத்தில் எல்எல்-37 (நுண்ணுயிரைக் கொல்லும் சிறு பெப்டைடு) அளக்க எலிசா (ஆன்டிபாடியால் அளக்கும் தட்டுச் சோதனை) அமைக்கிறேன். 37 அமினோ அமிலமும் உள்ள முழுப் பெப்டைடைச் செலுத்தி முயலில் எடுத்த ஆன்டிபாடி. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் சோதனை) 18 கிலோடால்டனில் தடித்த பட்டை, 4.5-இல் ஒன்றுமே இல்லை. பிளாஸ்மாவில் கலந்த பெப்டைடில் பாதிகூடத் திரும்ப அளவில் வருவதில்லை. எங்கே தப்பு?

முனைப்பிடி:
18-இல் தெரிவது எச்கேப்-18, அதாவது முன்னோடிப் புரதம். எல்எல்-37 அதன் வால்தான். புரோட்டினேஸ்-3 என்ற நொதி அலனினுக்கும் லியூசினுக்கும் நடுவே வெட்டினால்தான் பிரியும். வாலின் உட்பகுதியில் ஒட்டும் எந்த ஆன்டிபாடிக்கும் இரண்டும் ஒன்றுதான்.

வெட்டிய பிறகு மட்டுமே வெளியே தெரியும் முனையைக் குறிவையுங்கள்: லியூசின்-லியூசின்-கிளைசின்-அஸ்பார்டிக் அமிலம்-பினைல்அலனின்-பினைல்அலனின்-அர்ஜினின்-லைசின். கடைசியில் ஒரு சிஸ்டீன் சேர்த்து, மாலிமைடு (சிஸ்டீனைப் பற்றும் இணைப்பி) வழியாக கேஎல்எச் என்ற ஏந்து புரதத்துடன் இணையுங்கள். முன்முனையில் அசிட்டைல் போட்டு மூடி வாங்கினால் எல்லாம் வீண். குளூட்டரால்டிஹைடும் வேண்டாம், அது முன்முனை அமீனையே கவ்விவிடும்.

சுத்திகரிப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதலில், வெட்டிடத்தைத் தாண்டி நீளும் பெப்டைடு (அர்ஜினின்-பினைல்அலனின்-அலனின்-லியூசின்-லியூசின்-கிளைசின் வரும் பகுதி) ஒட்டிய அகரோஸ் மணிகளின் மேல் சீரத்தை ஓடவிடுங்கள். ஒட்டாமல் வழிவதை மட்டும் முனைப் பெப்டைடு மணிகளில் பிடியுங்கள். பிறகு 100 மடங்கு மோலார் அதிகமாக எச்கேப்-18 கொடுத்தாலும் சிக்னல் எழக்கூடாது.

4.5 பட்டை காணாததற்குக் காரணம் சவ்வாகவும் இருக்கலாம். ட்ரைசின் ஜெல், 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு போடுங்கள், 0.45-இல் இவ்வளவு சின்னது ஊடுருவிப் போய்விடும்.

உப்புக்கரைசல்:
மீட்பு குறைவது வேறு கதை. இந்தப் பெப்டைடின் நிகர மின்சுமை +6. குழாய்ச் சுவரில் ஒட்டும், ரத்தக் கொழுப்புத் துகளான ஹெச்டிஎல்-இன் ஏபோ ஏ-1 புரதத்திலும் ஒட்டும். ஒட்டாத வகைக் குழாய், 0.1% பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்), 0.05% ட்வீன் (சோப்பு போன்றது), 0.5 மோலார் உப்பு என்று தொடங்குங்கள். 2, 4, 8 மடங்கு நீர்த்துப் பாருங்கள்: நீர்க்க நீர்க்கத் திரும்பக் கணக்கிட்ட அளவு ஏறினால், ஏதோ மறைக்கிறது என்று பொருள். மீட்பு 80–120% வரும்வரை உப்பையும் நீர்ப்பையும் மாற்றுங்கள்.

ஹெப்பாரின் குழாய் கூடவே கூடாது, எதிர் மின்சுமை அதைக் கட்டிப்போடும். மாதிரியாகச் சீரமும் வேண்டாம், ரத்தம் உறையும்போது நியூட்ரோஃபில்கள் துகள்களைக் கொட்டிவிடும். இடிடிஏ (உறைவுத் தடுப்பி) பிளாஸ்மா எடுத்து உடனே சுழற்றுங்கள்.

குழல்37:
கண்டறியும் ஆன்டிபாடிக்கு அந்தப் பழைய முயல் சீரமே போதுமா?

முனைப்பிடி:
பின்முனைப் பெப்டைடில் சுத்திகரித்தால் போதும். இரண்டுமே முயல் என்பதால் முயல்-எதிர் இரண்டாம்நிலை ஆன்டிபாடி தட்டில் பூசிய முனை ஆன்டிபாடியையும் பிடிக்கும்; கண்டறியும் ஆன்டிபாடியில் பயோட்டின் ஏற்றி ஸ்ட்ரெப்டவிடினால் படியுங்கள்.

தராசு:
தரக்கரைசலை எடை பார்த்துக் கரைக்காதீர்கள். 11 காரப் பக்கச்சங்கிலிகளும் முன்முனையும் சேர்ந்தால் 12 டிஎஃப்ஏ (பெப்டைடு தயாரிப்பில் வரும் அமிலம்) மூலக்கூறு ஒட்டும். 1 மில்லிகிராம் தூளில் பெப்டைடு சுமார் 0.77, ஈரம் இருந்தால் இன்னும் குறைவு. அமினோ அமிலப் பகுப்பாய்வு செய்துவிடுங்கள்.