எக்ஸ்ரேயில் ஓட்டை, எலும்பு ஸ்கேனில் ஒன்றுமில்லை: மைலோமாவில் இது எப்படி?

கேள்வி:
அப்பாவுக்கு 67 வயது. முதுகுவலி என்று காட்டப்போய் மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். மண்டையோட்டு எக்ஸ்ரேயில் சின்னச் சின்ன ஓட்டைகள். ஆனால் ஐசோடோப் எலும்பு ஸ்கேனில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் நார்மல். மஜ்ஜையில் வரும் நோய் எலும்பை எப்படி அரிக்கும்? எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

பதில் 1:
இரண்டுமே சரியான ரிப்போர்ட்தான். மஜ்ஜை ஸ்லைடு பார்ப்பது என் வேலை, தெரிந்ததைச் சொல்கிறேன்.

நல்ல மஜ்ஜையில் நூறு செல் எண்ணினால், ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் புரதம்) சுரக்கும் பிளாஸ்மா செல் இரண்டு மூன்று அகப்படும். அடர்நீலச் செல், ஓரமாக ஒதுங்கிய உட்கரு, அதையொட்டி வெளிறிய ஒரு திட்டு. மைலோமாவில் அதே செல் கும்பல் கும்பலாக நிற்கும், சிலவற்றில் இரண்டு உட்கரு இருக்கும். எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள், அதனால் ஒரே புரதத்தைத்தான் சுரக்கும். ரிப்போர்ட்டில் 'எம் பேண்ட்' என்று வருவது அதுதான்.

முதல் கோளாறு பெரும்பாலும் நிணநீர்க் கணுவில் நடக்கிறது. பிளாஸ்மா செல்லாக மாறப்போகும் பி செல் என்ற வெள்ளையணு தன் ஆன்டிபாடி மரபணுவை வெட்டி ஒட்டும்போது 14ஆம் குரோமோசோமில் வேறு குரோமோசோமின் துண்டு வந்து ஒட்டிக்கொள்ளும். வேறு சிலருக்குக் குரோமோசோம்களே கூடுதலாகச் சேரும். அந்தச் செல் மஜ்ஜையில் குடியேறி, பல வருடம் தொந்தரவு தராமல் இருக்கலாம். எம்ஜியுஎஸ் என்ற அந்த நிலையிலிருந்து வருடத்துக்குச் சுமார் 1% பேருக்குத்தான் நோய் முற்றுகிறது.

எலும்பை அரிப்பது மைலோமா செல் இல்லை, எலும்பைக் கரைக்கும் நம்முடைய ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களே. மைலோமா செல் அண்டை செல்களோடு ஒட்டி ராங்க் லிகண்ட் என்ற தூண்டும் புரதத்தைக் கூட்டி அவற்றை ஏவிவிடுகிறது. கூடவே டிகேகே1 என்ற புரதத்தைச் சுரந்து, எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட்களை முடக்குகிறது. ஐசோடோப் ஸ்கேனும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் காட்டுவது கட்டும் வேலையை. இங்கே இடிப்பு மட்டும்தானே நடக்கிறது! அரிபட்ட எலும்பிலிருந்து கசியும் வளர்ச்சிக் காரணிகள் மறுபடி மைலோமா செல்லுக்கே தீனி. எலும்பின் நிலையை முழுதாகப் பார்க்க, குறைந்த கதிர்வீச்சில் உடல் முழுக்க சிடி அல்லது பெட்-சிடி எடுப்பார்கள்.

பதில் 2:
கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), கால்சியம் பார்த்தாயிற்றா? மைலோமா செல் சுரக்கும் லைட் செயின் என்ற ஆன்டிபாடித் துண்டு சிறுநீரகக் குழாய்களை அடைக்கும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி கேட்டவர்:
கிரியாட்டினின் 1.9, கால்சியம் 11.8. டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பதில் 1:
அடுத்த மாத்திரையை நிறுத்திவைத்துவிட்டு இன்றைக்கே ரத்தவியல் டாக்டரிடம் பேசுங்கள். இரண்டு எண்ணுமே அதிகம். அந்தக் கால்சியம் எலும்பிலிருந்து கரைந்து வருவது, சிறுநீரகத்தை அதுவும் கெடுக்கும். குழப்பமாகப் பேசினாலோ, வாந்தி வந்தாலோ, கால் மரத்தாலோ, சிறுநீர் நின்றாலோ நேராக அவசர சிகிச்சைக்குக் கூட்டிப்போங்கள்.