கருக்கலைப்பு: ஆலோசனைக்குப் பின் 48 மணி நேரக் காத்திருப்பு வேண்டுமா?

சட்டப்புள்ளி:
நம்ம சிங்கப்பூரில் 24 வாரம் வரை ஒரு பெண் காரணமே சொல்லாமல் கருவைக் கலைக்கலாம். 1969இல் நாடாளுமன்றம் வழிவிட்டது, 1974 சட்டம் அதை இன்னும் தளர்த்தியது. கணவர் கையெழுத்து வேண்டாம். வயது குறைந்தவளாக இருந்தாலும் பெற்றோர் ஒப்புதலைச் சட்டம் கேட்பதில்லை. இவ்வளவு நம்பும் அதே சட்டம், ஆலோசனை முடிந்து 48 மணி நேரம் ஆனபிறகுதான் ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறது. 2015க்கு முன்பு மூன்று பிள்ளை பெற்றவர்களுக்கு இந்த ஆலோசனை கட்டாயமில்லை. இப்போது எல்லாருக்கும் கட்டாயம். நாலாவது வேண்டாம் என்று தீர்மானித்து வருபவரிடம் காத்திருக்கச் சொல்வது எதற்கு? எடுத்துவிடலாம் என்கிறேன்.

தோபாயோ வேலு:
காரணம் கேட்காத சட்டம்னு நீங்களே சொல்லிட்டீங்க. இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பிறகும் 20 வாரம் தாண்டினால் இரண்டு டாக்டர் ஒப்புக்கொள்ளணும், அதுவும் குறிப்பிட்ட சில பிரிவுப் பெண்களுக்குத்தான். இங்கே இருக்கிற ஒரே வேகத்தடை இந்த இரண்டு நாள். அதையும் பிடுங்கணுமா? காதலனோ மாமியாரோ தள்ளிக்கொண்டு வந்திருந்தால், அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசும்போதுதான் அது வெளியே வரும். வற்புறுத்திக் கலைக்கவைப்பது அந்த 1974 சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ்க் குற்றம். யாரும் கேட்காவிட்டால் அந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காய்தான்.

சட்டப்புள்ளி:
தனியாகப் பேசுவதை யார் வேண்டாம் என்றது? பேசி முடித்த பிறகு சும்மா உட்காரவைக்கும் 48 மணி நேரத்தைத்தான் கேட்கிறேன்.

வார்டு நம்பர் 7:
ரெண்டு பேரும் மணியைப் பார்க்கிறீங்க, வாரத்தைப் பார்க்கவில்லை. 24 வாரம் என்பது கரு உண்டான நாளிலிருந்து அல்ல. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி, மருத்துவப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஆக, கரு உண்டாவதற்கு முன்பே ஏறக்குறைய இரண்டு வாரம் கணக்கில் ஏறிவிடுகிறது. மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்கள் 12 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்துத் தேதியை உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. இருபதாவது வாரத்துக்குப் பிறகு முதல் ஸ்கேன் எடுத்தால் குழந்தையின் அளவை வைத்துச் சொல்லும் வாரம் பத்து நாள்கூட முன்னே பின்னே இருக்கும். எல்லையில் நிற்பவருக்கு அது பெரிய வித்தியாசம்.

ஆரம்பத்தில் வருபவருக்கு 48 மணி நேரம் தொல்லைதான், ஆபத்தில்லை. வெள்ளி மாலை ஆலோசனை என்றால் ஞாயிறு மாலை கெடு முடியும், கிளினிக் திறப்பது திங்கள். சுமார் 12 வாரம் வரை உறிஞ்சி எடுக்கும் சிறு சிகிச்சை, அன்றே வீட்டுக்குப் போகலாம். 16 வாரம் தாண்டினால் தனித் தகுதி பெற்ற மருத்துவர்தான் செய்யலாம். பெரும்பாலும் மருந்து கொடுத்து வலி வரவழைப்பார்கள், வார்டில் தங்க வேண்டியிருக்கும்.

தோபாயோ வேலு:
அப்படியானால் 24ஐக் குறைக்க வேண்டியதுதானே? இன்றைக்கு 24 வாரத்தில் பிறக்கும் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பிழைக்கவைக்கிறார்கள். சட்டம் எழுதிய காலத்தில் அது நடக்காத காரியம். 20 போதும்.

வார்டு நம்பர் 7:
20 வைத்தால் அடிபடுவது யார் தெரியுமா? குழந்தை வேண்டும் என்று காத்திருந்தவர்கள். உறுப்புகளைப் பார்க்கும் விரிவான ஸ்கேனை வழக்கமாக 18 முதல் 22 வாரத்துக்குள்தான் எடுக்கிறார்கள். 21 வாரம் 3 நாளில் இதயத்தில் கோளாறு தெரிகிறது என்று வையுங்கள். மரபணுச் சோதனைக்காக மறுநாளே பனிக்குட நீர் எடுத்தாலும், டவுன் சின்ட்ரோம் மாதிரி சிலவற்றுக்குத்தான் சில நாளில் பதில் வரும். குரோமோசோம்களை நுணுக்கமாகப் பார்க்கும் மைக்ரோஅரே சோதனையின் முடிவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். அதற்குள் 23 வாரம் 4 நாள். அப்புறம் ஆலோசனை, 48 மணி நேரம். கணக்குப் போட்டுப் பாருங்க.

24 தாண்டிவிட்டால் குழந்தைக்கு எவ்வளவு பெரிய குறை இருந்தாலும் இங்கே வழியில்லை. தாயின் உயிரைக் காக்கவோ, அவளுடைய உடலுக்கோ மனத்துக்கோ நிரந்தரமான கடும் பாதிப்பு வராமல் தடுக்கவோ உடனடியாகத் தேவை என்றால்தான் உண்டு. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் குழந்தையின் குறைக்கென்றே தனி விதிவிலக்கு இருக்கிறது. நம் சட்டத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

இப்போதைக்குச் செய்யக்கூடியது: முடிவு வரும்வரை காத்திராமல், நீர் எடுத்த அன்றே ஆலோசனையையும் முடித்துவிடுங்கள். ஆலோசனைக்குப் போனதால் கலைத்தே ஆகவேண்டும் என்றில்லை. 48 மணி நேரம் அதுபாட்டுக்கு ஓடிவிடும். தாயின் ரத்தத்தை வைத்துக் குழந்தையின் குரோமோசோம் குறைகளைத் தேடும் என்ஐபிடி பரிசோதனையை 10 வாரத்திலிருந்து செய்யலாம், அதுவும் உதவும். ஆனால் அது சல்லடை மட்டுமே, உறுதியான பதில் இல்லை. அதை மட்டும் நம்பி முடிவெடுக்கக்கூடாது.

கயல் ஜூரோங்:
குடிமக்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் பணிப்பெண்? அவளும் இங்கே சட்டப்படி கலைக்கலாம். ஆனால் கருத்தரிக்கவே கூடாது என்பது அவளுடைய அனுமதி நிபந்தனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாய மருத்துவப் பரிசோதனை, அதில் கர்ப்பச் சோதனையும் உண்டு. தெரிந்தால் அனுமதி ரத்து, ஊருக்கு டிக்கெட். கடன் வாங்கி வந்தவளுக்குக் காரணம் கேட்காத சட்டம் இருந்து என்ன பயன்? பயத்தில் எங்கிருந்தோ மாத்திரை வாங்கி அறையில் தனியாகப் போட்டுக்கொள்கிறவளும் உண்டு. இரத்தப்போக்கு நிற்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. போதாததற்கு, சட்டத்துக்கு வெளியே தானாகக் கலைத்துக்கொள்வது தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவில் குற்றம்.

தோபாயோ வேலு:
நிபந்தனை தெரிந்துதானே கையெழுத்துப் போட்டு வந்தாங்க. அவளுக்காக முதலாளி அரசாங்கத்திடம் பொறுப்பேற்ற 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிணைத்தொகைக்கு யார் பொறுப்பு?

கயல் ஜூரோங்:
அந்தப் பயம் பழசு அண்ணே. பணிப்பெண் கருத்தரித்தாள் என்பதற்காக முதலாளியின் பிணைத்தொகையை மனிதவள அமைச்சு எடுத்துக்கொள்வதில்லை. நிபந்தனைகளை அவளிடம் விளக்கியிருக்க வேண்டும், தெரிந்ததும் அமைச்சிடம் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இன்னும் பல வீடுகளில் அந்த 5,000ஐச் சொல்லித்தான் அவளுக்கு விடுமுறை நாளையே மறுக்கிறார்கள். "கலைத்துவிடு, இல்லையேல் ஊருக்குப் போ" என்று முதலாளி சொன்னால், நீங்கள் மேலே எடுத்துக்காட்டிய அதே 5ஆம் பிரிவு வருமா வராதா?

தோபாயோ வேலு:
ஊருக்கு அனுப்புவது மிரட்டல் இல்லை, விதி.

சட்டப்புள்ளி:
"கலைத்துவிடு" என்று சேர்த்துச் சொன்னால்? விதி எந்த இடத்திலும் அதைச் சொல்லவில்லையே. மாமியார் சொன்னால் குற்றம், முதலாளி சொன்னால் விதியா?