மூண்டு இடத்தால காசு வருது, கான் மட்டும் வெட்டுப்படேல்ல

கடலோரத்து_அக்கா:
திருகோணமலை டவுணுக்குள்ள, கடற்கரைப் பக்கம் எங்கட ஒழுங்கை. மாதர் சங்கத்தில நான் செயலாளர். ஐப்பசியில மழை துவங்கினா தை வரைக்கும் தண்ணி நிக்கும்; மலசலகூடக் குழியும் அதோட சேர்ந்து வழியும். இந்த வருசம் அதிசயமா மூண்டு பேர் உதவ வந்திருக்கினம். லண்டன் ஊர்ச்சங்கம் பாலர் பாடசாலை கட்டித் தருதாம். ஒரு கொம்பனி சோலார் லைற் போட நிக்குது. ஒரு என்ஜிஓ தையல் பயிற்சி எண்டுது. நாங்கள் கேட்டது கான், மழைத்தண்ணி வடிஞ்சோடுற வாய்க்கால். "அது எங்கட திட்டத்துக்குள்ள வராது" எண்டு எல்லாரும் நழுவுகினம். ஒராள் மட்டும் உண்மையைச் சொன்னார்: மூடி போட்ட கானில படம் எடுக்க ஒண்டும் இல்லையாம். மூண்டு பேரையும் ஒரு வேலையில இறக்க வழி இருக்கோ?

பழைய_களப்பணி:
தங்கச்சி, சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில வேலை செய்தனான். வள்ளம் குடுத்த ஆக்கள் தங்கட பேரை அணியத்தில பெருசா எழுதினவை. சில இடத்தில தொழிலாளியை விட வள்ளம் கூடிப்போச்சு. வலை ஆர் குடுக்கிறது, எஞ்சின் ஆர் குடுக்கிறது எண்டு ஒருத்தரையொருத்தர் கேக்கேல்ல. அது காசு இல்லாத பிரச்சினை இல்லை.

"காசை ஒண்டாப் போடுங்கோ" எண்டு கேக்காதேங்கோ, கணக்காய்வு எண்டு ஓடிடுவினம். திட்டமும் அறிக்கையும் ஒண்டா இருக்கட்டும். அமெரிக்காவில 1991இல றொக்பெல்லர் அறக்கட்டளையோட வேற அறக்கட்டளையளும் புருடென்ஷல் காப்புறுதிக் கொம்பனியும் சேர்ந்து நகரத்து ஏழைக் குடியிருப்புகளுக்கு உதவ ஒரு கூட்டமைப்புத் துவங்கினவை (பிறகு அதுக்கு லிவிங் சிற்றீஸ் எண்டு பேர் வந்தது). லிஸ்க், என்ரபிறைஸ் எண்ட ரெண்டு அமைப்புக்குள்ளாலதான் அந்தக் காசு நகரங்களில இருந்த சின்னச் சங்கங்களுக்குப் போனது.

எங்கட நாட்டிலயும் நடந்திருக்கு. 1984இல துவங்கின பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தில, கொழும்பில ஏழைச் சனம் நெருங்கி இருக்கிற தோட்டங்களில கிணறு, கழிப்பறை, கான் கட்டுற வேலையைச் சனத்தின்ர சங்கத்துக்கே ஒப்பந்தமாக் குடுத்தவை. தாய்லாந்தில 2003இல சேரிகளைத் திருத்த வந்த பான் மங்கொங் திட்டத்திலயும் உட்கட்டமைப்புக் காசு நேர சமூகத்தின்ர கைக்குப் போகும்.

கூட்டத்தைப் பிரதேச செயலகத்தில வைக்காதேங்கோ. மார்கழியில, உங்கட ஒழுங்கையில வையுங்கோ. தண்ணிக்கு மேல பாலர் பாடசாலை கட்ட அத்திவாரம் எவ்வளவு உயர்த்த வேணும், அந்தச் செலவில எவ்வளவு கான் வெட்டலாம் எண்டு மேசனிட்டக் கேட்டு எழுதி லண்டனுக்கு அனுப்புங்கோ. கொம்பனியிட்ட லைற்றை அடுத்த வருசம் கேளுங்கோ. தையல் பயிற்சி எப்பவும் வரும், அதுக்கு அவசரமில்லை.

ஓர்ஸ்ஹில்_தம்பி:
அண்ணா சொல்லுறது சரி, ஆனா எனக்கொரு பயம். இப்ப ஒருத்தர் மாட்டன் எண்டா மற்றவரிட்டப் போகலாம். மூண்டு பேரும் ஒரு மேசையில இருந்து "இல்லை" எண்டா போக வேற கதவு இல்லை. இன்னொண்டு: கானும் லைற்றும் வந்தா வாடகை ஏறும். உப்புவெளிப் பக்கம் ஹோட்டலுக்குக் காணி தேடித் திரியிறாங்கள். காணி உறுதி, பேமிற் இல்லாத வீடு எத்தினை எண்டு முதல்ல பாருங்கோ. திருத்தின பிறகு அங்க இருக்கிற சனத்தை எழுப்பிக் கலைச்சா, ஆருக்குத் திருத்தினது?

லெவல்_பாக்கிற_ஆள்:
கானை எங்க கொண்டுபோய் விடப்போறீங்கள்? கடல் பக்கம் மண் மேடாகி வாய் அடைபட்டா உள்ளுக்க எவ்வளவு கொங்கிறீற் போட்டும் தண்ணி திரும்பி வரும். முதல்ல நிலத்தின்ர ஏற்ற இறக்கத்தை அளந்து லெவல் எடுங்கோ. சபையின்ர அனுமதியோட, வருசாவருசம் மண் அள்ளுறது ஆர் எண்டும் எழுத்தில வாங்குங்கோ. காசு குடுத்த மூண்டு பேரும் ஒரு நாளும் மண் அள்ள வரமாட்டினம்.

கடலோரத்து_அக்கா:
லெவல் கதை நல்ல கதை, நன்றி. தம்பி, உறுதி இல்லாத வீடுகள் கடல் பக்க வரிசையிலதான் கூட. அந்தப் பட்டியலைக் கூட்டத்துக்கு முதலே எடுக்கிறன். லண்டன் ஆக்களோட நேற்றுக் கதைச்சன், கொஞ்சம் இளகியிருக்கினம். கான் மூடியில பேர் பதிக்கலாமோ எண்டு கேட்டவை. ஓம் எண்டிட்டன். மற்ற ரெண்டு பேரும் தங்கட பேரை எந்த மூடியில கேக்கப்போகினமோ, அதுக்கொரு கூட்டம் தனிய வைக்க வேண்டிவரும்.