மேனேஜர் இல்லாம ஒரு ராக் பேண்ட் மேல வர முடியுமா?

கம்மனஹள்ளி_பேஸ்:
எங்க பேண்டுக்கு மேனேஜரா வர்றேன்னு ஒருத்தர் கேட்கிறார். வர்ற பணத்துல 20 சதவீதம் அவருக்கு. இந்திராநகர் பப்ல ஒரு ராத்திரி வாசிச்சா, ஒத்திகை பார்க்கிற ஜாம்பேட் வாடகையும் ஆட்டோவும் போக கையில பெருசா ஒன்னும் நிக்கிறதில்ல. இதுல அஞ்சுல ஒரு பங்கு எதுக்குன்னு கூட வாசிக்கிறவங்க கேட்கிறாங்க. நான் சேர்க்கணும்ங்கிற பக்கம். மேனேஜரா பிரையன் எப்ஸ்டீன் கிடைக்கலன்னா பீட்டில்ஸ் சொந்த ஊர் லிவர்பூலைத் தாண்டியிருப்பாங்களா?

அல்சூர்_ட்ரம்ஸ்:
தாண்டியிருப்பாங்க தம்பி. 1960லயே ஜெர்மனியில ஹாம்பர்க் போய், ராத்திரி ராத்திரியா மணிக்கணக்குல வாசிச்சுக் கை பழகினவங்க. அவங்க வாசிச்ச லிவர்பூல் கேவர்ன் கிளப்புக்குள்ள எப்ஸ்டீன் கால் வெச்சது 1961 நவம்பர் 9. அப்பவே அங்க கூட்டம் நெரிஞ்சுது. கூட்டம் சேர்ற இடத்துக்கு மேனேஜர் தானா வருவார். நம்ம ஊர் அகம் பேண்டைப் பாருங்க. ஐடி வேலை பார்த்துக்கிட்டே கர்நாடக சங்கீதத்தையும் ராக்கையும் கலந்து வருஷக்கணக்கா உழைச்சாங்க. ஜனம் வந்தது பாட்டுக்காக.

ஃப்ரேசர்டவுன்_அக்கா:
கேவர்ன்ல கூட்டம் இருந்தது சரி, லண்டன்ல யார் காதுல விழுந்தது? 1962 ஜனவரி 1 அன்னைக்கு டெக்கா ரெக்கார்ட் கம்பெனி அவங்களை வாசிக்க வெச்சுக் கேட்டுட்டு, அப்புறம் வேண்டாம்னுடுச்சு. அந்த டேப்பைத் தூக்கிக்கிட்டு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கினது எப்ஸ்டீன். அவர் குடும்பத்தோட நெம்ஸ் கடையில ரெக்கார்ட் வியாபாரம் பெருசு, அதனாலதான் உள்ளயே விட்டாங்க. கடைசியில பார்லஃபோன் ரெக்கார்ட் கம்பெனியில ஜார்ஜ் மார்ட்டின் எடுத்துக்கிட்டார்.

அப்புறம் அமெரிக்கா. டிவியில எட் சல்லிவன் ஷோவுல மூணு தடவை வர்றதுக்கு மொத்தமே 10,000 டாலர்னு ஒத்துக்கிட்டார். ஆனா நிகழ்ச்சியில முதல் இடம் எங்களுக்குத்தான்னு பிடிவாதமா நின்னார். 1964 பிப்ரவரி 9, ஏறக்குறைய 7.3 கோடி பேர் பார்த்தாங்க. எங்க காசை விடணும், எங்க விடக் கூடாதுங்கிற இந்தக் கணக்கு கிடார் வாசிக்கிற பையனுக்கு வருமா? நான் ஷோ புக்கிங் பார்த்தவ. பாதி போன்ல அவமானம்தான் மிஞ்சும். அதைத் தாங்கிக்கிட்டு மறுநாளும் போன் பண்ண ஒரு ஆள் வேணும்.

அல்சூர்_ட்ரம்ஸ்:
அதே எப்ஸ்டீன்தான், பீட்டில்ஸ் பேர்ல விக், பொம்மை விக்கிற உரிமையில 90 சதவீதத்தை வெளியாளுங்களுக்கு விட்டுட்டு 10 சதவீதத்துக்கு ஒத்துக்கிட்டார். கோடிக்கணக்குல போச்சு. 1962 ஆகஸ்ட்ல ட்ரம்மர் பீட் பெஸ்ட்டைக் கூப்பிட்டு நீ இனி வேண்டாம்னு சொன்னதும் அவர்தான். கூட வாசிச்ச மூணு பேரும் நேர்ல வரல. ஒரு ட்ரம்மரா எனக்கு அது இன்னும் ஆறல. கூட வாசிச்சவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியதை மேனேஜர்கிட்ட விட்டா அது என்ன பேண்ட்? 1967 ஆகஸ்ட்ல அவர் இறந்த பிறகும் அபே ரோட் ஆல்பம் வந்ததே?

ஃப்ரேசர்டவுன்_அக்கா:
வந்தது. அடுத்த மேனேஜர் ஆலன் க்ளைனா வேற ஆளான்னு மூணு பேர் ஒரு பக்கம், பால் ஒரு பக்கம் பிரிஞ்சு, 1970 டிசம்பர் 31ல பால் கோர்ட்டுக்குப் போனதும் நடந்தது. நாலு பேரும் நம்பின ஒரு ஆள் இல்லாமப் போனா இப்படித்தான் ஆகும். 90ன்னு சொன்னீங்களே, லெட் ஜெப்பலின் பேண்டோட பீட்டர் கிராண்ட், டிக்கெட் வசூல்ல 90 சதவீதம் பேண்டுக்குன்னு ஷோ நடத்துறவங்ககிட்ட அடிச்சுப் பேசி வாங்கினார். அவரும் மேனேஜர்தான்.

ஜெயநகர்_கீபோர்ட்:
தம்பி, சேர்க்கிறதுன்னா எழுத்துல போடுங்க. ஒப்பந்தம் ஒரு வருஷம் மட்டும். 20 சதவீதம் செலவு போக மிஞ்சறதுல. பணம் முதல்ல பேண்ட் அக்கவுண்டுக்கு வரணும். பாட்டுகளை, ராயல்டி வசூலிச்சுக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் சங்கத்துல உங்க பேர்லயே பதிஞ்சுடுங்க. 2012 காப்புரிமைத் திருத்தத்துக்கு அப்புறம் எழுதினவரும் இசையமைச்சவரும் தங்களோட ராயல்டி பங்கை மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

கம்மனஹள்ளி_பேஸ்:
நன்றிண்ணா. இன்னொன்னு. சொந்தப் பாட்டைக் கொஞ்ச நாள் ஓரமா வைங்க, கவர், அதாவது மத்தவங்க பாட்டு, வாசிச்சா கார்ப்பரேட் ஷோ நிறைய பிடிச்சுத் தர்றேங்கிறார்.

ஃப்ரேசர்டவுன்_அக்கா:
அந்தக் காசுல சொந்தப் பாட்டை எப்போ ரெக்கார்ட் பண்ணலாம்னு கேளுப்பா. தேதி சொன்னா யோசி. மழுப்பினா இவர் வேண்டாம், வேற ஆளைத் தேடு.

அல்சூர்_ட்ரம்ஸ்:
இவர் வேண்டாம்னு நானும் சொல்றேன். வேற ஆளும் இப்போ வேண்டாம். முதல்ல சொந்தப் பாட்டை ரெக்கார்ட் பண்ணி வெளியிடுங்க. அதைக் கேட்டுட்டு ஒரு பப்பாவது கூப்பிடட்டும், அப்புறம் 20 சதவீதத்தைப் பத்திப் பேசலாம்.