விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் மட்டும் நாஸ் திறக்கவில்லை, போனில் திறக்கிறது

கீழவாசல்:
வீட்டில் இரண்டு டிஸ்க் போடும் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைத்து எடுக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது, ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல். போட்டோ, வீடியோ, அப்பாவின் பத்திர ஸ்கேன் என்று கிட்டத்தட்ட 2 டிபி அதில்தான். லேப்டாப் விண்டோஸ் 11 ப்ரோ. 24எச்2 அப்டேட் ஏறியதிலிருந்து ஷேர் ஃபோல்டரைத் திறக்க மாட்டேன் என்கிறது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் நுழைவைத் தடுக்கிறது என்று செய்தி வருகிறது. இது என் சொந்த லேப்டாப், ஆபீஸ் சம்பந்தமே கிடையாது. மனைவியின் போனில் அதே ஃபோல்டர் திறக்கிறது, டிவியில் படமும் ஓடுகிறது. நாஸில் யூசர் யாரையும் உருவாக்கவில்லை, எல்லோரும் பாஸ்வேர்டு இல்லாமல் நுழையும் கெஸ்ட்தான். குரூப் பாலிசியில் போய் கெஸ்ட் லாகனை ஆன் செய்யச் சொல்லி ஒரு வீடியோ பார்த்தேன், செய்யலாமா?

அப்புறம் அப்டேட்டுக்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே காப்பி வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை, முன்பெல்லாம் 100க்கு மேல் போகும். நாஸ் பக்கத்தில் மஞ்சளாக 'டிகிரேடட்' என்றும் காட்டுகிறது. ஃபைல்கள் எல்லாம் திறப்பதால் அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

செவ்வந்தி:
லேப்டாப்பை விடுங்கள், முதலில் அந்த மஞ்சள் எழுத்தைப் பாருங்கள். டிகிரேடட் என்றால் இரண்டு டிஸ்க்கில் ஒன்று அணியிலிருந்து விலகிவிட்டது, உங்கள் 2 டிபியும் இப்போது ஒரே டிஸ்க்கை நம்பி நிற்கிறது. ஃபைல்கள் திறப்பது அந்த ஒன்று உயிரோடு இருப்பதால்தான். ரிப்பேர், இனிஷியலைஸ், ஃபார்மட் என்று எந்த பட்டன் கண்ணில் பட்டாலும் இப்போதைக்குத் தொடாதீர்கள். இரண்டு டிஸ்க்குக்கும் ஸ்மார்ட் (டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு) விவரப் பக்கம் இருக்கும், அதில் 5, 197, 198, 199 ஆகிய வரிகளின் ரா வேல்யூவை இங்கே போடுங்கள். வேறு எங்காவது இதற்கு பேக்கப் இருக்கிறதா?

தறிக்காரன்:
செவ்வந்தி சொன்னதுதான் முதல் வேலை. கெஸ்ட் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன்.

24எச்2-இல் மைக்ரோசாஃப்ட் இரண்டு மாற்றம் செய்தது. ப்ரோ பதிப்பிலும் கெஸ்ட்டாகப் போவதை நிறுத்தியது, எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபைல் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் முறை) சைனிங்கைக் கட்டாயமாக்கியது. சைனிங் என்றால் போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு முத்திரை, அந்த முத்திரைக்கான சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்டே இல்லை, சாவிக்கு எங்கே போவது? எண்டர்பிரைஸ் பதிப்பில் கெஸ்ட் தடை 2017-லிருந்தே உண்டு, அதனால்தான் செய்தியில் 'நிறுவனம்' என்று வருகிறது. போனுக்கும் டிவிக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை, அவை பழையபடி உள்ளே போகின்றன.

வீடியோவில் சொன்னதைச் செய்தால் திறக்கத்தான் செய்யும், ஆனால் ஒரு பெட்டிக்காக லேப்டாப்பின் பூட்டைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாளைக்கு அதே லேப்டாப்பை ஹோட்டல் வைஃபையில் போடுவீர்கள். நாஸில் உங்கள் பெயரில் ஒரு யூசர், பாஸ்வேர்டுடன் உருவாக்கி, அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுங்கள். விண்டோஸில் கிரெடன்ஷியல் மேனேஜருக்குள் போய் நாஸின் ஐபி முகவரி, யூசர், பாஸ்வேர்டு மூன்றையும் சேருங்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்துவிட்டு எக்ஸ்ப்ளோரரில் \\192.168.1.20 மாதிரி ஐபியை நேராக அடித்துத் திறங்கள். நெட்வொர்க் லிஸ்டில் நாஸின் பெயர் தெரியவில்லை என்றால் கவலை வேண்டாம், அது வேறு விஷயம். நாஸ் செட்டிங்கில் எஸ்எம்பி 1 மட்டும் இருந்தால் 2 அல்லது 3-க்கு ஏற்றிவிடுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பரவியது அந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான், அதை இன்னும் திறந்து வைக்க ஒரு காரணமும் இல்லை.

கீழவாசல்:
பேக்கப் எதுவும் இல்லை, ரெய்டு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். டிஸ்க் 1: 5, 197, 198 மூன்றும் 0, 199 மட்டும் 3. டிஸ்க் 2: 5-இல் 64, 197-இல் 112, 198-இல் 112, 199-இல் 0. புது டிஸ்க் வாங்கி இரண்டாவதின் இடத்தில் போட்டால் போதும்தானே?

செவ்வந்தி:
போதாது, காப்பி எடுத்த பிறகுதான் அந்தப் பேச்சு. புது டிஸ்க் போட்டதும் ரீபில்டு, அதாவது பழைய டிஸ்க்கிலிருந்து புதியதற்குத் தகவலை நகலெடுக்கும் வேலை ஓடும், அப்போது டிஸ்க் 1-ஐ முதல் செக்டாரிலிருந்து (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னத் துண்டு) கடைசி வரை விடாமல் படிக்கும். இரண்டையும் ஒரே நாளில் வாங்கியிருப்பீர்கள், ஒரே வயது, ஒரே அளவு உழைப்பு. வருடக்கணக்காகத் தொடாத செக்டார் ஒன்று அப்போது படிக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? ரெய்டு 1 ஒரு டிஸ்க் போனாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான். தவறுதலாக அழித்த ஃபைலை அது இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

எண்களைப் பொறுத்தவரை டிஸ்க் 2 முடிந்துவிட்டது. 197 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், 5 என்பது ஏற்கெனவே ஒதுக்கி வேறு இடத்துக்கு மாற்றியவை. டிஸ்க் 1-இல் 199 மூன்று என்பது டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் சிதைந்த கணக்கு, பெரும்பாலும் கனெக்டர் சரியாக உட்காராததுதான். அது ஒருமுறை ஏறினால் இறங்காது, இனி ஏறுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

காப்பியை லேப்டாப் வழியாக எடுக்க வேண்டாம். 11 எம்பி வேகத்தில் 2 டிபி நகர இரண்டு நாளுக்கு மேல் ஆகும். நாஸிலேயே யூஎஸ்பி போர்ட் இருக்கும், எக்ஸ்டர்னல் டிஸ்க்கை அங்கேயே செருகி அதன் பேக்கப் ஆப் வழியாக எடுங்கள். முதலில் பத்திர ஸ்கேன், அடுத்து போட்டோ, சினிமாப் படங்கள் கடைசியில்.

தறிக்காரன்:
வேகம் குறைந்ததற்கு அந்த 11 எம்பி என்பதே விடை. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) லிங்க்கில் அதற்கு மேல் வராது. கிகாபிட்டுக்குக் கேபிளில் நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும், 100-க்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி விட்டுப்போனால்கூடப் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ரவுட்டர் பக்கத்தில் அந்த போர்ட்டின் லிங்க் ஸ்பீடு பாருங்கள், 100 என்றால் கேபிளை மாற்றுங்கள்.

மண்பானை:
ஒன்றைச் சேர்க்கிறேன். ரீபில்டு நடக்கும்போது கரண்ட் போகக்கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில்தான் நாஸ் இருக்கிறது என்றால் அதன் பின்பக்க ஸ்விட்ச் நார்மலில் இருக்கிறதா, யூபிஎஸ்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மலில் மாறும் நேரம் அதிகம், நாஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடும். தனியாகச் சின்ன யூபிஎஸ் வைத்தால் இன்னும் நல்லது. புது டிஸ்க் சிஎம்ஆர் (தகவல் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) தானா என்று மாடல் நம்பரைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரை எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் வகை) டிஸ்க் இருந்தது வெளியே வந்தது, அதன் பிறகுதான் சிஎம்ஆரை ரெட் ப்ளஸ் என்று தனியாகப் பிரித்தார்கள். எஸ்எம்ஆரில் ரீபில்டு தவழும், சில சமயம் பாதியிலேயே டிஸ்க் விலகும். கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும்.

கீழவாசல்:
காப்பி முழுதும் எடுத்தாயிற்று, அங்கங்கே ஃபைல்களைத் திறந்தும் பார்த்தேன், பத்திரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. கேபிள் மாற்றியதும் 108 எம்பி வருகிறது, யூசர் உருவாக்கியதும் லேப்டாப்பும் திறந்துவிட்டது. சிஎம்ஆர் டிஸ்க் ஆர்டர் போட்டிருக்கிறேன். இந்த டிகிரேடட் எப்போது வந்தது என்றே தெரியவில்லை அக்கா, இனி உடனே தெரிய என்ன வழி?

செவ்வந்தி:
நாஸின் நோட்டிஃபிகேஷன் செட்டிங்கில் உங்கள் மெயிலைக் கொடுத்து, டெஸ்ட் மெயில் வந்து சேருகிறதா என்று பாருங்கள். மாதம் ஒருமுறை இரண்டு டிஸ்க்குக்கும் எக்ஸ்டெண்டட் ஸ்மார்ட் டெஸ்ட் தானாக ஓடும்படி ஷெட்யூல் போடுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நாஸிலேயே செருகி வைக்காமல் வேறு அறையிலோ அண்ணன் வீட்டிலோ வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து புதுப்பித்தால் போதும்.